இருபது மைக்ரோலிட்டர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கேயே பொருள்களை வரவழைத்துக் கொடுக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கும் நாத்தனார் வார்த்தைக்கு வார்த்தை அண்ணி, அண்ணி என்றதில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டு, நரைத்த தலைப் பேராசிரியர் வாய் வரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு அண்ணிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

இருக்குமா பின்னே? கட்டுரையைத் திருத்தி ஆய்விதழுக்கு அனுப்பத் திங்கட்கிழமை கெடு. ஒரே ஒரு சோதனை பாக்கி. அது போனால் கட்டுரை போச்சு. கட்டுரை போனால் மாதக் கடைசியில் முடிகிற அவளுடைய ஒப்பந்தத்தை யாரும் நீட்டிக்கப் போவதில்லை. அந்தச் சோதனைக்கு வேண்டிய புரதமோ ஆறு வாரம் காக்கவைத்துவிட்டு இன்றுதான் வந்து சேர்ந்தது. மனித உடம்பில் டி.என்.ஏ. மேல் போய் உட்கார்ந்துகொண்டு மரபணுக்களுக்கு ஸ்விட்ச் போடுகிற புரதம். மனிதரிடமிருந்து எடுத்ததல்ல, ஏதோ ஒரு கம்பெனியில் பாக்டீரியாவை வைத்துச் செய்தது. மொத்தமே இருபது மைக்ரோலிட்டர், ஒரு சொட்டுக்கும் குறைவு. ஐஸை விட்டு எடுத்தால் கெட்டுவிடும்.

நாத்தனார் பார்சலைப் பிரித்து, புரதம் இருந்த சின்னக் குழாயை ஐஸ் வாளியில் செருகிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே உறைந்திருந்தது உருகியதும் அண்ணி எடுத்தாள், மூடியைத் திறந்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒன்றுமே இல்லை.

"என்னடி இது? காலிக் குழாயைக் கொண்டுவந்து வெச்சிருக்கே?"

"காலியா? பிரிச்ச கையோட அப்படியேதான் கொண்டுவந்தேன் அண்ணி."

"எங்கயாவது கொட்டிட்டு வந்திருப்பே. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியறது தெரியாம போனைப் பார்த்துட்டு நிக்கிறவதானே நீ!"

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். அண்ணிக்கோ வாய் நிற்கவில்லை. குழாயை மூடிக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். உனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன் பார், என்னைச் சொல்லணும் என்றாள். உங்க அண்ணன் கொடுக்கிற செல்லம் என்றாள். நாத்தனார் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"முதல்ல அதை ஐஸ்ல வைங்க அண்ணி. வெச்சிட்டுத் திட்டுங்க."

வாளியைத் தூக்கி நேராக நீட்டவும் செய்தாள். "காலிக் குழாய்க்கு ஐஸ் ஒண்ணுதான் கேடு!" என்று அண்ணி அதைத் தள்ளிவிட்டாள். இப்படியே கால் மணி நேரம். நாத்தனார் அழவில்லை. கண் மட்டும் சிவந்துபோய், வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டாள்.

கம்பெனிக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று அண்ணி உட்கார்ந்தாள். பக்கத்திலேயே குழாய்களைச் சுழற்றுகிற சின்ன இயந்திரம். பதினோரு வருடப் பழக்கம், கை தானாகக் குழாயை அதில் போட்டது. ஐந்து விநாடி உர்ரென்று சுற்றி நின்றது. எடுத்துப் பார்த்தால், அடியில் பளபளவென்று ஒரு துளி.

பாவி, மூடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது! திறப்பதற்கு முன்னால் சுழற்று, சுழற்று என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவளே அவள்தான். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒருவேளை பிழைத்திருக்குமோ? டி.என்.ஏ.வோடு கலந்து, மின்சாரம் கொடுத்து ஜெல்லில் ஓடவிட்டாள். புரதம் நல்லபடியாக இருந்தால் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுமையோடு ஓட முடியாமல் டி.என்.ஏ.வின் கோடு மேலேயே நிற்கும். கெட்டிருந்தால் அடிக்கு ஓடிவிடும். இரண்டு மணி நேரம். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பினாள். அவளும் நாத்தனாரும் சேர்ந்து சாப்பிடுகிற டப்பா திறக்காமல் கிடந்தது. கடைசியில் படம் வந்தது. எல்லாக் கோடும் அடியில்.

ஸ்டோருக்குப் போனாள். நாத்தனார் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஆர்டர் பாரத்தை நீட்டினாள்.

"புதுசு வரவழைக்கணும்னா இது போகணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: ஸ்டோர் பொறுப்பாளரின் அஜாக்கிரதை. அவள் வேலைக்கு வந்து நாலு மாதம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஏன்டி இப்படி எழுதினே?"

"நீங்கதானே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

கையெழுத்தைப் போட்டுவிட்டால் முடிந்தது. ஸ்டோரில் நடந்த தவறு என்று ஆய்விதழிடம் அவகாசம் கேட்கலாம், ஒப்பந்தமும் தப்பிக்கும். யாருக்குத் தெரியப் போகிறது? அண்ணி பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியை அடித்தாள். சுழற்றாமல் திறந்தேன், கால் மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நாத்தனார் படித்தாள். "அண்ணி, உங்க வேலை..."

"போனாப் போகட்டும். உன்னை என்னென்னவோ பேசிட்டேன்டி."

நாத்தனார் பேனாவை வாங்கினாள். பாரத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த வாளியை எடுத்து நீட்டினாள். ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது.

"காலையிலேர்ந்து நீட்டிட்டே இருக்கேன். இப்பவாவது அந்தச் சூடான கையை இதுல வைங்க."