தட்டின் இரண்டாம் பக்கம்

கிரேன் என்று எல்லோரும் கூப்பிட்டவனுக்கு நாற்பத்தோரு வயதில் பிடித்த இடுப்புவலி, வீட்டில் இசைத்தட்டு சுற்றும் நேரத்தில் மட்டும் அவனை விட்டு இறங்கி, தட்டைப் போட்டவர் இடுப்பில் ஏறிக்கொண்டது. தட்டு நின்றதும் அவனிடமே திரும்பி வந்தது. தட்டைப் போடுவது அவன் மனைவியின் வேலை. ஆகவே வலிப்பதும் அவள் வேலையானது.

அவன் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்கினான். லாரி பின்பக்கமாக வந்து நிற்கும், முதுகைக் கொடுப்பான், மேலிருப்பவன் ஐம்பது கிலோவை இறக்குவான், நாற்பதடி நடந்து அடுக்குவான். இப்படி இருபது வருடம். முதுகெலும்பின் கடைசிக் கட்டையில் யாரோ ஆணியை வைத்துவிட்டு அடிக்காமல் போனதுபோல் முதலில் இருந்தது. பிறகு அடித்தார்கள். கிடங்குக் கணக்கர் வீடு மாறியபோது மூன்றாவது மாடியிலிருந்து பீரோவை இறக்கிக் கொடுத்ததற்கு, புது வீட்டில் இடமில்லை என்று ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரையும் பதினொரு தட்டுகளையும் அவன் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து தரையில் மல்லாந்து கிடந்தபடி, "எதையாவது போடு, கேட்போம்" என்றான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்த மனைவி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஊசியை இறக்கினாள். பல்லவி முடிவதற்குள் அவன் எழுந்து நின்றான். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. ஊசி தானாக எழும்பியபோது அவன் நின்ற இடத்திலேயே மடங்கினான்.

அடுத்த ஒரு வாரத்தில் விதிமுறைகள் தெரிந்துவிட்டன. ரேடியோவால் பயனில்லை. பாட்டைத் தொடங்குபவர் வேறு ஊரில் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் நிலைய அறிவிப்பாளர் ஒருவர் பேச்சின் நடுவே அடிக்கடி முனகினார் என்று சிலர் சொன்னதை யாரும் விசாரிக்கவில்லை. கிரேனே தட்டைப் போட்டால் அவன் வலி அவனிடமே இருந்தது. போதாததற்கு மனைவியின் முழங்கால் வலியும் வந்து சேர்ந்தது. பத்து நொடியில் ஊசியைப் பிடுங்கிவிட்டு, "உனக்கு முட்டி வலிக்குமா?" என்று கேட்டான். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் விசாரணை. அதோடு பிளேயரைத் தொடுவதை விட்டுவிட்டான். ஊசி விற்கும் கடைக்காரர் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒருமுறை போட்டார். இடுப்பும் முட்டியும் சேர்ந்து இறங்கியதும் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். பிறகு ஊசி கொண்டுவந்தால் வாசலோடு சரி. ஒன்பது வயது மகள் ஒரு நாள் விளையாட்டாகப் போட்டாள். பிள்ளை வீறிட்ட மூன்று நிமிடத்தில் அம்மாக்காரி கல்யாணத்துக்கு முந்தைய கால்களோடு நின்றாள். முட்டியில் எதுவுமே இல்லை. அந்த மூன்றாவது நிமிடத்தில்தான் ஓடிப்போய் ஊசியை எடுத்தாள், முதல் நிமிடத்தில் அல்ல. இதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஏன் ஒத்துக்கொண்டாள் என்று தெருவில் பின்னாளில் கேட்டவர்கள், மூட்டைக்குக் கூலி வாங்கும் வீட்டில் வாழாதவர்கள். சாயங்காலம் இடுப்பு ஓய்ந்தால்தான் காலையில் அது மூட்டைக்கு வளையும். ஒருமுறை அவள் மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவன் படுக்கையிலேயே கிடந்தான், அடுப்பும் கிடந்தது. நான்காம் நாள் அவளே ஊசியை இறக்கினாள். இறக்குவதற்கு முன் ஒரு பேச்சு நடந்தது.

"ஏங்க, தினமும் நான் போடறேன். சரி. எனக்காக ஒரே ஒரு பக்கம் நீங்க போடணும். முட்டி ரெண்டும் கெஞ்சுது."

"போடறேன், போடறேன். இருபத்திரண்டு நிமிஷம்தானே? ஓடியா போயிடும்? நாளைக்குப் போடறேன்."

அவள் பதினொன்றில் ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். அதன் முதல் பக்கம் தேய்ந்திருந்தது. இரண்டாம் பக்கத்தை ஊசியே தொட்டதில்லை. நாளை வந்தது. லாரி நான்கு வந்தன. நாளைக்கு என்றான்.

தட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. பக்கம் முடிந்தால் யாராவது எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். திருப்பும்வரை வலி அதற்கு உரியவனிடம் இருக்கும். இந்த இடைவெளியில்தான் அவள் பத்து வருடம் குடியிருந்தாள். தூசி இருந்தால் ஊசி கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய துணியால் தட்டை வட்டம் வட்டமாகத் துடைத்தாள். அப்படியொரு சுத்தமான தட்டு எந்தப் பணக்கார வீட்டிலும் இருந்திருக்காது. பின்னால் கட்டிலிலிருந்து, "என்னடி, தட்டைக் குளிப்பாட்டுறியா? திருப்பிப் போடு!" என்று சத்தம் வரும். "ஊசி போச்சுன்னா நீங்களா வாங்கித் தருவீங்க?" என்பாள். இன்னொரு வட்டம் துடைப்பாள். நான்கு நிமிடம் கிடைக்கும். பழைய தட்டுகளின் வலி கரகரவென்று இருந்தது. கீறல் விழுந்த இடத்தில் சுருக்கென்று குத்தும், பாட்டு ஒரே வரியில் மாட்டிக்கொண்டால் வலியும் ஒரே நரம்பில் மாட்டிக்கொண்டு துடிக்கும். ஆனால் பழகிய வலி. எந்தத் தட்டில் எத்தனையாவது சுற்றில் எங்கே குத்தும் என்று அவளுக்கு மனப்பாடம், அந்த இடம் வருமுன் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மகள் வளர்ந்து, பாட்டுக்கருவிகள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல காது அவளுக்கு. வாடிக்கையாளர் தும்மினால்கூட எந்த ஸ்பீக்கரில் தும்மினார் என்று சொல்வாள் என்று முதலாளி கேலி செய்வார். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு சிடி பெட்டி வாங்கி வந்தாள். "இதுல கரகரப்பே கிடையாதுப்பா. திருப்பவும் வேண்டாம். எழுபது நிமிஷத்துக்கு மேல ஓடும்" என்றாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பொத்தானை அமுக்கச் சொல்லி அம்மாவைத்தான் கூப்பிட்டிருப்பாள். ஒன்பது வயதில் கற்ற பாடம் அது.

சிடியில் வந்த வலி சுத்தமாக இருந்தது. கரகரப்பில்லை, மூச்சு வாங்க இடமில்லை. புதிதாய்த் தீட்டிய கத்தியைத் துடைத்துச் சொருகியதுபோல் இருக்கிறது என்று சலவைக்கூடத்தில் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பெட்டியில் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அவள் முதல் நாளே கண்டுபிடித்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அங்கே ஏதோ உடைந்திருக்கிறது என்று கிரேன் ஒரு வருடம் நம்பினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்திரியைப் பிய்த்து, அடியிலிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அடிக்கவில்லை. சிரித்தான்.

"கெட்டிக்காரிதான்டி நீ. வா, வந்து அமுக்கு."

"அந்தத் தட்டு ஒண்ணு பாக்கி இருக்கே."

"எந்தத் தட்டு? ஓ, அதுவா. பழைய சாமானை எவன் இறக்குவான்? இதுலயே போடறேன் உனக்கு. நாளைக்கு."

அவன் நிமிர்ந்து நடந்தான், அவள் வளைந்துகொண்டு வந்தாள். ஐம்பத்தைந்தில் கிடங்கில் இளவட்டங்களைவிட இரண்டு நடை கூடுதலாக அடித்தான். அவள் முதுகு சிடி வந்த ஐந்தாம் வருடத்தில் பாதி மடங்கி அப்படியே உறைந்தது. வந்தவர்களைச் செருப்பை வைத்து அடையாளம் சொன்னாள். கிடங்குக்காரர்கள் அவளுக்குக் கொக்கி என்று பெயர் வைத்தார்கள். கிரேன் என்னதான் நிமிர்ந்து நின்றாலும் பாரம் கொக்கியில்தானே தொங்கும் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் அந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று பாட்டுக் கேட்டவர்கள்தான். கேட்டபோது அவர்களுடைய தோள்பட்டை, குதிகால், பல்வலி எல்லாம்கூடக் கொஞ்சம் லேசாகியிருந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

கிரேன் வேலையை விட்ட வருடம் மகள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். ஒன்பதாயிரம் பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் முதல் பாட்டு தானே தொடங்கும். மின்சாரம் போனாலும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பேட்டரி. அப்பா எங்கே போனாலும் காதில் விழும்படி சமையலறை, குளியலறை, வாசல் எங்கும் ஸ்பீக்கர். எல்லாவற்றையும் இணைத்து முடித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் தேர்ந்தெடுத்து, அதைப் பொத்தான்மேல் வைத்து அழுத்தினாள். "இந்த ஒரு தடவைதாம்மா. அப்புறம் நீ எதையுமே தொட வேண்டாம்" என்றாள். உண்மை. தொட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கிரேனுக்குத் திருப்தி இல்லை. வலி முழுதும் போகவில்லை, டம்ளர் அடியில் நிற்கும் மண்டிபோல் கொஞ்சம் இடுப்பிலேயே தங்கிவிட்டது என்றான். மகள் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். இடத்தை மிச்சம் பிடிக்கப் பாட்டுகளைச் சுருக்கிப் போட்டிருந்தாள். காதுக்குக் கேட்காத சன்னமான பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டுச் செய்யும் சுருக்கம் அது. பாட்டில் வெட்டுப்பட்ட அளவுக்கு வலியும் போய்ச் சேராமல் நின்றிருந்தது. அம்மாவுக்கு இது புரிந்தது. இருபது வருடத்தில் அவளுக்குக் கொஞ்சம் சுமாராக இருந்த இரண்டு மாதங்கள் அவை.

"சின்னதாவே இருக்கட்டும் பாப்பா. காதுக்கு வித்தியாசமே தெரியலன்னு உங்க கடையிலயே சொல்றாங்கன்னியே."

"காதுக்குத் தெரியாதும்மா. அப்பா இடுப்புக்குத் தெரியுதே."

சுருக்காத பாட்டுகளை வாங்கி வந்தாள். வாடிக்கையாளர்களிடம் எதை மனதார நம்பிச் சொன்னாளோ அதையே வீட்டிலும் செய்தாள்: நல்ல சத்தத்துக்கு ஆசைப்படுவது குற்றமில்லை. மறுபடி அந்த விரல். இந்த முறை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. அம்மா இரண்டு தடவை கம்ப்யூட்டரை நிறுத்தியதால், கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். அம்மா எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுகிறாள் என்று அண்டைவீட்டில் சொல்லிக்கொண்டாள்.

பதினோரு வருடம் நிற்காமல் ஓடியது. அந்தப் பதினோராவது வருடத்தில் ஒரு மத்தியானம், எழுந்து நடக்க முடியாமல் போயிருந்த அவள், மடியில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிளேயரைத் துடைத்து மேசையில் வைக்கச் சொல்லியிருந்தாள். மகளும் வைத்திருந்தாள். எழுபத்திரண்டு வயதுக் கிரேன் ஜன்னலோரம் தென்னைபோல் நின்றான்.

"இன்னிக்குப் போட்டுடுங்க. ஒரே பக்கம். அப்புறம் கேக்க மாட்டேன்."

அவனுக்கு மனம் இளகியது என்பதையும் எழுத வேண்டும். தட்டை வாங்கினான், உறையிலிருந்து எடுத்தான், பிளேயரில் வைத்தான். ஊசிக்கைக்கு விரலைக் கொண்டுபோனான். அப்போது மகள் சொன்னாள், "ப்பா, இது ஓடணும்னா அதை நிறுத்தணும். ரெண்டும் சேர்ந்து ஓடினா எது யாருக்குப் போகும்னு எனக்குத் தெரியாது." நிறுத்தினால் அவன் வலி அவனிடம் வரும். அதன்மேல் அவளுடைய முட்டியும் வரும். விரல் ஊசிக்கு ஒரு முழம் மேலே நின்றது.

"கொஞ்ச நேரந்தானேங்க" என்றாள் கொக்கி.

"கொஞ்ச நேரமா? அந்த வலி எப்படி இருக்கும்னு உனக்கு என்னடி தெரியும்?" என்றான் கிரேன்.

அவள் சிரித்தாள். குனிந்தே இருந்ததால் சிரிப்பு தரையில் விழுந்தது. மகள் ஒரு நிமிடம் ஸ்பீக்கரைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். கிரேன் தட்டை உறையில் போட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

நாளைக்கு அடுத்த நாள் அவள் செத்தாள். பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வலி திரும்பிவிடும், ஓடவிட்டால் அது தொடங்கி வைத்தவளிடமே இருக்கும் என்று மகள் கணித்தாள். கணிப்பு சரியாக இருந்தது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது குழந்தைகள் கைதட்டும் ஒரு துள்ளல் பாட்டு ஓடியது. துக்கம் கேட்க வந்தவர்கள் காலால் தாளம் போடாமல் இருக்கப் பாடுபட்டார்கள். கிடங்கிலிருந்து நான்கு பேர் தூக்க வந்தார்கள். ஐம்பது கிலோ மூட்டையை ஒற்றை முதுகில் வாங்கியவர்கள், வழியில் இரண்டு முறை இறக்கி வைத்தார்கள். முதுகு நிமிரவே இல்லையாதலால் குழியை வளைவாக வெட்ட வேண்டியிருந்தது. மூடிய மண் நடுவில் அமுங்கியது. மேலும் மண் போட்டார்கள், மறுபடி அமுங்கியது. மாதம் ஒருமுறை ஒரு கூடை மண் போடுவது வெட்டியவனின் வழக்கமாகிவிட்டது. போகப்போக அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. பழசாகிவிட்டது, மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆனால் நிறுத்திச் சரிசெய்ய மகள் விடுவதில்லை. கடவுச்சொல்லை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் வீடு வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களிடம், பாட்டுச் சத்தம் எப்போதும் இருக்கும், பழகிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பழகியும்விடுகிறது. எண்பதைத் தொடும் கிரேன் காலையில் வாசலில் நின்று கைகளைத் தலைக்கு மேலே உயர்த்திச் சோம்பல் முறிக்கிறான். பார்ப்பவர்கள், அந்தக் காலத்து உடம்பு என்கிறார்கள். தட்டு மேசையில் உறைக்குள் இருக்கிறது. அதைத் துடைக்க ஆளில்லை. கிரேன் கொக்கிக்குத் தர வேண்டிய பாக்கி: இரண்டாம் பக்கம், இருபத்திரண்டு நிமிடம்.