தகப்பன் வழி

டிலக்ஷி தண்ணீர்ப் போத்தலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாலே ஷெரோனுக்கு நெஞ்சு பதறும். குருநகரில் வேறெந்தத் தாயும் ஒரு குட்டு வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். ஷெரோனுக்கோ, கடலில் செத்துப்போன புருசன் ஜெரிசன் பிள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். "கொப்பற்றை மறதி. அதுதான் அவரைக் கடலுக்கை கொண்டுபோனது. உன்னையும் விடாது" என்பாள். தகப்பனைக் கண்ணாலேயே காணாத ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் பேச்சா இது!

பள்ளிக்கூடத்தில் வற்புறுத்தித்தான் கிளினிக்குக்கு வந்தார்கள். ஜெரிசனுக்காகப் பதில் சொல்ல அவனுடைய அக்கா றெஜினாவும் கூட வந்திருந்தாள்.

"கவனக் குறைபாடு பரம்பரையாலையும் வரும் அம்மா" என்றார் டொக்டர். "ஒரு மரபணுவைக் காட்டி இதுதான் எண்டு சொல்லேலாது. எத்தினையோ நூறு சேரவேணும், ஒவ்வொண்டும் துளித்துளி. துவங்கின வேலையை மனசிலை வைச்சிருக்கிற தன்மையும் அப்பிடித்தான். தலைவிதி எண்டு பயப்பிடாதேங்கோ. ரெண்டு பக்கத்தையும் கேட்டு எழுதுவம்."

முதலில் தகப்பன் பக்கம். சின்ன வயதில் பொருள்களைத் தொலைப்பாரா? சொன்னதை மறப்பாரா?

"இல்லை. என்ரை பென்சிலையும் அவன்தான் பத்திரமா வைச்சிருப்பான்" என்றாள் றெஜினா. எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்றே சொன்னாள். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாளாம் என்று ஷெரோனுக்கு எரிச்சல் வந்தது.

பிறகு அவளுடைய முறை. அடுப்பில் வைத்ததை மறப்பீர்களா? ஓம். பேச்சில் வேலையை விட்டுவிடுவீர்களா? ஓம்.

"கொண்டுபோகவேண்டிய சாமானை விட்டிட்டுப் போறனீங்களோ?"

நடுக்கடலில் எஞ்சினுக்கு எண்ணெய் முடிந்து, வள்ளம் காற்றில் இழுபட்டுக் கவிழ்ந்தது ஊருக்கே தெரியும். எண்ணெய் நிரப்பிய இரண்டாவது கானை ஜெரிசன் மறந்துவிட்டுப் போனான் என்பது ஷெரோன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். செத்தவீட்டில் யாரோ கேட்கப் பயத்தில் சொன்னது. சொல்லிச் சொல்லித் தானே நம்பியும்விட்டாள்.

"மச்சாள்" என்றாள் றெஜினாவைப் பார்த்து. "கானை வள்ளத்திலை வைக்கிறன் எண்டது நான்தான். சந்தியிலை கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன். வைச்சாச்சோ எண்டு அவர் கேக்க, ஓம் எண்டும் சொல்லிப்போட்டன்."

றெஜினா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார்.

டிலக்ஷியிடம் தகப்பனுடையது என்று இருந்தது அந்த மறதி ஒன்றுதான்.

"அப்ப நான் அப்பா மாதிரி இல்லையோ?" என்று கேட்டு அழத் தொடங்கினாள்.