ஓர்கனில் மூன்று கோடு

1.

எனக்கு வரவேண்டியது நானூற்றுப் பன்னிரண்டு பிராங்க் ஐம்பது. இந்தக் கதை அதில்தான் பிறந்தது. 'லூன் லாந்த்' என்று ஒரு பிரெஞ்சு ரொக் குழு, நாலுபேர். தொண்ணூற்றொன்பதில் சுவிஸில் நொஷாட்டலுக்கு வாசிக்க வந்த இடத்தில் அவர்களின் வான் வண்டி உடைந்தது. கராஜ்காரனுக்கு நான்தான் காசு கட்டினேன். அவர்கள் வாசித்த மண்டபத்தில் சாமான் தூக்குகிறவன் நான்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "ஏரியின்மேல் பனி மெல்ல..." வெட்டிவிட்டேன். பெட்டி தூக்குகிறவன் ஏரியைப் பார்ப்பதில்லை.)

2.

அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எந்தப் பெட்டி எத்தனையாவதாய் மேடையேற வேணும் என்று சோக்கட்டியால் பெட்டியில் கோடு போடுவேன். ஓர்கன் வாத்தியப் பெட்டிக்கு மூன்று. மூன்றாவது, பாரம், இரண்டுபேர் பிடி. அவ்வளவுதான்.

அவர்களின் அடுத்த இசைத்தட்டின் அட்டையில் அந்த மூன்று கோடு. பிறகு வந்த ஐந்திலும். கனவில் கண்டது என்று ஓர்கன்காரன் பஸ்தியான் பேட்டி கொடுத்தான். பிறப்பு, கனவு, சாவு என்று பத்திரிகைகள் எழுதின. ரசிகர்கள் கையில் பச்சை குத்தினார்கள். இருபது நிமிசப் பாட்டுகள், பெரிய மேடைகள், பிறகு சண்டை. மேளக்காரன் பேக்கரி திறந்தான். குழு முடிந்தது.

என்னோடு மண்டபம் கூட்டுகிற யசோதரா, எனக்கு ஐம்பத்தாறு வயதில் அ, ஆ காட்டினவள், இதுவரை எழுதினதை வாசித்தாள்.

"அண்ணை, கதையில மேளக்காரனைச் சாக்காட்டுங்கோ. பேக்கரி எண்டால் ஆர் அழுவினம்?"

"ஏன் அழவேணும்? பாண் நல்லம்."

"உங்களுக்குக் காசோ வேணும்?"

"காசு இருக்கட்டும். கோடு என்ர எண்டு அவன் ஒருக்கா அறியவேணும்."

3.

இந்த மார்ச்சில் குழு திரும்ப வந்தது. அதே மண்டபம், அதே ஓர்கன். பஸ்தியானுக்குத் தலை நரைத்திருந்தது.

(இங்கே நான் அவனைத் திட்டுவதாய் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல பக்கம். நடக்கவில்லை.)

நடந்தது இது: அவன் பார்க்க, ஓர்கன் பெட்டியில் மூன்று கோடு இழுத்தேன். அவன் குனிந்து கோட்டைத் தொட்டான்.

"நீயா?"

"மூன்றாவது. பாரம். மற்றப் பக்கம் பிடி."

பிடித்தான். மேடைக்கு ஏற்றினோம். மூச்சு வாங்கிக்கொண்டு ஐந்நூறு நீட்டினான். கராஜ்க் காசை அவன் மறக்கவில்லை.

4.

முடிவு ஒன்று: பாட்டுக்கு முன்னம் மைக்கில் என் பெயரைச் சொன்னான். முடிவு இரண்டு: திரும்பவும் கனவு என்றான். எது வேணுமோ நீங்கள் வைத்துக்கொள்ளுங்கோ. நான் நின்று கேட்கவில்லை. ஓர்கன் ஏறியதோடு என் வேலை முடிந்தது.

ஐந்நூறில் எண்பத்தேழு ஐம்பது மிச்சம் எண்ணி அவன் கையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.