காப்பகத்துக்கும் ஓர் ஆள்

பூண்டு பிடுங்கும் நாட்களில் பூம்பாறையில் யாரிடமும் நின்று பேச முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் லீமாவுக்குக் கொடைக்கானலில் ஒரு வாரப் பயிற்சி போட்டிருந்தார்கள்.

லீமா எங்கள் ஊர்க் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். நாங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டால் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். உதவிக்கு இருந்தவள் கல்யாணமாகிப் போனபின் அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. காய்ச்சல் வந்தாலும் லீமாதான் கதவைத் திறக்க வேண்டும். காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளை அவளைத் தற்காலிகமாகவே வைத்திருந்தது. பயிற்சியை முடித்தால் நிரந்தரம். சம்பளத்தோடு லீவும் உண்டு, உதவிக்கு ஆளும் உண்டு. ஆனால் அந்த வாரம் காப்பகத்தை மூடக் கூடாதாம், மாற்று ஆளை அவளே பிடிக்க வேண்டுமாம். நல்ல நியாயம். போன தடவையும் ஆள் கிடைக்காமல்தான் கோட்டை விட்டாள்.

"இந்தத் தடவையும் போகலக்கா, விடுங்க," என்றாள், என் மகளைத் தூக்கிக் கொடுத்தபடி. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் தோட்டத்தில் பொரிந்து தள்ளினேன். எங்களுக்குள் கூலி கிடையாது. இன்று உன் தோட்டத்துக்கு நான் வந்தால், நாளை என் தோட்டத்துக்கு நீ வர வேண்டும். பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்த முருகேஸ்வரி பூண்டில் ஒட்டிய மண்ணை உதறியபடி, காப்பகத்தையும் ஒரு தோட்டமாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். தினம் ஒருத்தி அங்கே போகட்டும், அதுவும் வேலைக் கணக்கில் சேரட்டும் என்றாள். யாரும் மறுக்கவில்லை. அறக்கட்டளைக்காரர்களும் சரி என்றார்கள். லீமா பஸ் ஏறினாள்.

என் முறை வந்த அன்று, ஒருத்தனைத் தூங்க வைத்தால் இன்னொருத்தி எழுந்து அழுதாள். மத்தியானத்துக்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பூண்டே தேவலை.

பயிற்சி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, லீமா சர்ச்சுக்குப் போய்விட்டு, நாங்கள் எல்லோரும் பிடுங்கிக்கொண்டிருந்த என் தோட்டத்துக்கு நேராக வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக் குனிந்து பூண்டைப் பிடுங்க ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டால், நீங்கள் எனக்காக வந்தீர்களே, நான் திருப்ப வேண்டாமா என்கிறாள்.

நான் அவள் கையிலிருந்த பூண்டை வாங்கிக் கீழே போட்டேன்.

"கூறுகெட்டவளே, இத்தன வருசமா நாங்க தோட்டத்துல நின்னது உன்னாலதான? நாங்கதான் இப்பத் திருப்பியிருக்கோம். வீட்டுக்குப் போய்ப் படு."

லீமா கைமண்ணைத் தட்டாமலே வரப்பில் உட்கார்ந்தாள்.

"அப்ப இங்கனயே கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேங்க்கா."

நாங்கள் வேலையைப் பார்த்தோம். அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.