சால்வைக்கு அடியில் ஐந்து நாள்

அம்மாவிடம் வாயால் பேசி ஜெயிக்க முடியாது என்பது சின்ன முதலாளிக்குப் பதினெட்டு வருட அனுபவம். ரத்தினக் கல் வியாபாரம் நடக்கும் அந்தக் கடையில் எல்லோரும் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. பட்டம் உண்டு, நாற்காலி இல்லை. வாரத்தில் ஆறு நாளும் கல்லாவுக்குப் பின்னால் அம்மாதான். எந்தக் கல்லை வாங்குவது, எதைத் தள்ளுவது எல்லாம் அவள் வைத்ததே சட்டம். "எனக்கும் நாலு நாள் விட்டுக் குடும்மா" என்று மகள் ஆரம்பித்தால், அம்மா தெருமுனை வரை கேட்கிற மாதிரி முடித்துவைப்பாள்.

ஆகவே, வாயே திறக்க முடியாத இடமாகப் பார்த்து, பாலே நடனத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள் மகள். இடைவேளை கிடையாது என்பதையும் முன்னாலேயே விசாரித்துக்கொண்டாள்.

"ராஜா ராணி சரித்திரம்ங்கிறே, ஒருத்தரும் பேச மாட்டாங்களாமே?"

"ஆட்டம்மா. பார்க்கிறவங்களும் பேசக் கூடாது."

"சும்மா உட்கார்றதுக்கா காசு? வீட்லயே உட்கார்ந்திருப்பேனே."

"வீட்ல உன்னால முடியாதும்மா. அதுக்குத்தான் காசு."

விளக்கணைந்தது. மேடையில் கிழட்டு ராணி ஒருத்தி மகுடத்தோடு வந்து சிம்மாசனத்தில் அமர்ந்தாள்.

"அத்தனையும் கண்ணாடிக் கல்லு!" என்றாள் அம்மா.

முன்வரிசையில் எட்டுத் தலைகள் திரும்பி முறைத்தன. அம்மா வாயை மூடினாள். இதற்குத்தான் மகள் காத்திருந்தாள். சால்வையை இருவர் மடியிலும் விரித்து, அடியில் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நாற்காலி. வாரத்துல எத்தனை நாள்?" என்று காதில் ஊதினாள்.

கல் வியாபாரிகள் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாமல் இருக்க, துணிக்கடியில் கைபிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. கையை முதலில் உருவிக்கொள்பவர், எதிராளி கடைசியாகக் கேட்டதற்குச் சம்மதித்தவர். அதற்குப் பிறகு மறுபேச்சில்லை.

மகள் ஐந்து விரலையும் பிடித்து, பிறகு ஒரு விரலைத் தனியாகப் பிடித்தாள். ஆறு. ஏறக் கேட்டால்தானே இறங்கிவர முடியும்! அம்மா பதிலுக்கு நறுக்கென்று கிள்ளினாள். அப்புறம் ஒரு விரலின் நுனியை மட்டும் தொட்டாள். அரை நாளாம்.

மேடையில் இளவரசி சிம்மாசனத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். ராணி அசையவில்லை. சால்வைக்கடியில் மகள் ஐந்துக்கு இறங்கினாள். அம்மா ஒன்றுக்கு ஏறினாள். இளவரசி போருக்குப் போய், கொடியோடு திரும்பிவந்தாள். அம்மா இரண்டு. மகள் ஐந்து. ராணிக்கு முதுகு வளைய ஆரம்பித்தது, மகுடம் மட்டும் இறங்கவில்லை. அம்மா மூன்று. மகள் உடும்புப் பிடியாக ஐந்திலேயே நின்றாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. இன்று விட்டால் தலை நரைத்த பிறகும் தான் சின்ன முதலாளிதான் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் ராணி மகுடத்தைக் கழற்றினாள். உடனே கொடுத்துவிடவில்லை. அதை நெஞ்சோடு அணைத்து வெகுநேரம் தனியாக ஆடினாள். பிறகு இளவரசியின் தலையில் வைத்தாள், கொஞ்சம் கோணலாக. இளவரசி அதை நேராக்கிக்கொள்ளவில்லை.

அரங்கமே எழுந்து கைதட்டியது. உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள் இருவர்தான். "பிடிக்கலையா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் பரிதாபமாகக் கேட்டார். ராணியாக ஆடியவள் மேடை விளிம்புக்கு வந்து குனிந்து வணங்கினாள். மகள் மறுபடியும் ஐந்து விரலையும் அழுத்தினாள்.

அம்மா கையை உருவிக்கொண்டு எழுந்து தட்டினாள்.

"அம்மா, கையை எடுத்துட்டே."

"அந்தக் கிழவிக்குத் தட்ட வேணாமா? கல்லு கண்ணாடிதான். ஆனா கழட்டிக் குடுத்தாளே, பாரு!"

"அப்போ அஞ்சு நாள்."

"தெரியுதுடி. எனக்கென்ன விரல் மரத்தா போச்சு? சனிக்கிழமை மட்டும் என்னது. அன்னிக்குத்தான் கூட்டம்."

மகள் சால்வையை நிதானமாக மடித்தாள்.

"அடுத்த மாசம் இன்னொரு பாலே வருதாம்மா."

அம்மா சால்வையை வெடுக்கென்று பிடுங்கித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.