ஷிஜின் ஓலை

என் அண்ணன் ஆன்ட்ரூஸ் கப்பலில் வேலை பார்க்கிறான். எதையும் முழுதாகச் சொல்லித் தொலைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. திங்கட்கிழமை மால்டா துறைமுகத்திலிருந்து மெயில் வந்தது. "ஷிஜின் ஓலை. ஒடனே தொறந்து பாரு. கப்பல் கெளம்புது, பத்து நாள் நெட்டு கெடையாது." கூடவே ஒரு கோப்பு.

ஷிஜின் நான் கட்டிக்கொள்ளப்போகிறவன். மால்டாவில் கம்ப்யூட்டர் வேலை, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் ஊருக்கு வருவான். எங்கள் கல்யாண ஓலையை முட்டம் கோவிலில் ஃபாதர் இரண்டு ஞாயிறு பூசையில் வாசித்துவிட்டார், தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் அடுத்த புதன்கிழமை கல்யாணம். அதனால் அண்ணன் ஏதோ கேலியாக வாழ்த்து அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கோப்பு திறக்கவில்லை. பெயரின் கடைசியில் வெப்ஆர்க்கைவ் என்று இருந்தது. என்னுடையது விண்டோஸ் லேப்டாப். இதை எதால் திறக்க என்று அது என்னிடமே கேட்டது. கம்ப்யூட்டர்காரனைக் கட்டப்போகிறவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்? ஷிஜினுக்கே அனுப்பிவைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

"மக்கா, அது வைரஸாக்கும். தொறக்காத. இப்பவே அழிச்சிரு."

"அண்ணன்லா அனுப்பிருக்கான்?"

"அவனுக்க மெயில எவனோ ஹேக் பண்ணிருக்கான். அழிச்சியா?"

"அழிச்சாச்சு" என்றேன். அழிக்கவில்லை. ஒன்றைச் செய்யாதே என்றால் அதையே செய்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சனிக்கிழமை மதியம் நெட்டில் தேடினேன். மேக் கம்ப்யூட்டரில் ஒரு இணையப் பக்கத்தை அப்படியே சேமித்தால் இந்த வகைக் கோப்பு வருமாம். பெயரின் வாலை வெட்டி எச்டிஎம்எல் என்று மாற்றினால் சிலசமயம் திறக்குமாம். மாற்றினேன். மேலே கொஞ்சம் குப்பை எழுத்து. அதன் கீழே ஒரு மால்டா கோவிலின் பக்கம். அண்ணன் பூசை நேரம் பார்க்கப் போயிருக்கிறான். நேரங்களுக்குக் கீழே கல்யாண அறிவிப்புகள்.

ஷிஜின், யூஜின் மகன், முட்டம், இந்தியா. பக்கத்தில் யாரோ ஒரு கிளாரா. மூன்றாம் முறை.

தேதி போன ஞாயிறு. இங்கே எங்களுக்கு இரண்டாவது ஓலை வாசித்த அதே நாள்.

அந்தக் கோவிலின் பக்கத்தை நேராகப் போய்ப் பார்த்தேன். இந்த வாரப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அங்கேதான் மூன்று முறையும் முடிந்துவிட்டதே! மிச்சமிருந்த ஒரே சாட்சி இந்தக் கோப்பு. அதையும் அவன் என் கையாலேயே அழிக்கப் பார்த்தான். மக்கா என்று வேறு கூப்பிட்டான், பாவி.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேற ஷிஜினா இருக்கும், மக்களே."

"யூஜினுக்க மகன், முட்டம்னு போட்டிருக்கு. ஒலகத்துல எத்தன முட்டம் உண்டும்மா?"

ஷிஜினுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவே இல்லை.

ஞாயிறு காலை ஃபாதர் ஓலையை வாசித்தார். "இவர்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுந்து நின்றேன். வெட்கத்தில் வெளியே போகிறேன் என்று நினைத்து ஷிஜினின் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அச்செடுத்த தாளைத் தூக்கிப் பிடித்தேன்.

"தடை உண்டு ஃபாதர். மாப்பிளைக்க ஓலைய வேற கோவில்ல மூணு தடவ வாசிச்சாச்சு."