பொற்கொடியின் பவளத் தொட்டியில் பிறந்தவர்கள்

பொற்கொடி வீட்டு மீன் தொட்டியில் ஓயாமல் பிள்ளை பிறந்துகொண்டிருந்ததால் அவளுடைய கல்யாணம் மறுபடியும் தள்ளிப்போயிற்று.

தொட்டி கூடத்தில் இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், பவளம், கடல் பாறை. பொள்ளாச்சிக்குக் கடல் எட்டாது என்பதால் உப்பைத் தன் கையாலேயே கரைத்து ஊற்றுவாள். பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த கூனிப்பூச்சிகள் அதில் பெருகிவிட்டார்கள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், ரவையைவிடப் பொடிசு. கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக நடமாட்டம். அந்த வீட்டு உப்பைத் தின்று வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் பொற்கொடிக்குப் பங்காளிகள். பங்காளிக்குப் பிள்ளை பிறந்தால் தீட்டு. ஒரு தீட்டு கழிவதற்குள் அடுத்த ஈடு பிறந்துவிடும். தீட்டு வீட்டில் முகூர்த்தக்கால் நட முடியாது. அவளுடைய சித்தப்பாவுக்கும் அதே தீட்டுதான். பழனிக்கு எடுக்க வேண்டிய காவடியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, பொற்கொடியை முறைத்துக்கொண்டு திரிந்தார்.

மாப்பிள்ளை சென்னியப்பன் தேங்காய் மண்டி வைத்திருந்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது உண்மையானால், இந்நேரம் பொள்ளாச்சி தாலுகா முழுவதையும் அவன் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தேதி தள்ளிப்போகும்போதெல்லாம், "அதுக்கென்ன, ஆகறப்ப ஆகட்டும்" என்பான். பொற்கொடியால் அப்படி இருக்க முடியவில்லை. முப்பது தாண்டி, வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்து, தானே பார்த்துப் பிடித்துப்போன மனிதன் அவன். இந்த ஆவணியில் அவனைக் கட்டியே தீருவது என்று தீர்மானம் செய்தாள்.

முதலில் தொட்டிக்குப் போடும் தீனியைப் பாதியாகக் குறைத்தாள். அடியில் தேங்கிய கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். கண்ணாடியைத் தேய்த்தாள். பிறப்பு குறையவில்லை. அடுத்து, கூனிப்பூச்சியே கதி என்று வாழும் மாண்டரின் மீன் ஒன்றைக் கொச்சியிலிருந்து வரவழைத்தாள். மீன் வாய் வைத்த அன்றே அருமைக்காரர் நாச்சிமுத்து வந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களை நடத்தி வைக்கும் பெரியவர் அவர். அவர் தலையசைத்தால்தான் பந்தல்.

"அம்மிணி, பொறப்புத் தீட்டோட எழவுத் தீட்டும் சேந்து போச்சு" என்றார்.

"பேசாம தொட்டியவே கவுத்துப்போட்டா?" என்று சித்தப்பா வாசலிலிருந்து கேட்டார்.

"கவுத்துனா ஒட்டுக்கா எழவுங்க. அடுத்த வருசம் வரைக்கும் காவடிய மறந்துருங்க."

பொற்கொடி மீனைத் திருப்பி அனுப்பினாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரில் பாய் போட்டு உட்கார்ந்தாள். எங்கிருந்து இந்தப் பெருக்கம் வருகிறது என்று தெரியாமல் எழுவதில்லை என்று இருந்தாள்.

பிள்ளை பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். பெரியம்மா நஞ்சாத்தாள், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை நிறையச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் அதைத் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும். நஞ்சாத்தாளுக்கு வீடு நிறையப் பிள்ளைகள், பேரன் பேத்திகளுக்குக் கணக்கே கிடையாது. அவள் பாலாடையை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தாள். இனிப்புக்குப் பாறையில் பாசி படிந்தது. பாசியைத் தின்ன எல்லோரும் திரண்டார்கள். திரண்ட இடத்தில் இன்னொரு ஈடு பிறந்தது. அதைப் பார்க்க நாளைக்கும் சொந்தம் வரும், கூடவே பெரியம்மாவும் பாலாடையோடு.

"பெரீம்மா, தெனமும் நீங்கதான் சேனை வெக்கறீங்களா?"

"பின்ன? என்ற கைராசி அப்பிடி. என்னையாட்டவே வயிறு காயாம இருக்கட்டும்."

பொற்கொடிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சேனையே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சேனை வைக்காவிட்டால் பேச்சு வராது, இத்தனை பேரையும் ஊமையாக வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது? ஆனால் யார் வைப்பது என்பது வீட்டுக்காரி இஷ்டம். பெரியம்மாவை வழியனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். சென்னியப்பனுக்குப் போன் போட்டாள்.

"ஒடனே பொறப்பட்டு வாங்க."

"அதுக்கென்ன, வாரேன்" என்றவன் மறுநாள் வந்தான்.

அவனைத் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். ஊற்றக்கூடாது, ஆளுக்கு விரல் நுனியளவுதான் என்று சொன்னாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புதிதாகப் பிறந்த ஒவ்வொருவர் நாக்கிலும் சேனை தொட்டு வைத்தான். யாரையும் விடவில்லை, யாரையும் அவசரப்படுத்தவில்லை. முடிப்பதற்குள் தெருவில் விளக்கு எரிந்துவிட்டது.

அவர்கள் அவன் குணத்தோடு வளர்ந்தார்கள். ஜோடி சேரும் பருவம் வந்ததும், ஆகறப்ப ஆகட்டும் என்று பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டார்கள். நஞ்சாத்தாள் பாலாடையோடு வந்து வந்து கதவைத் தட்டினாள். பொற்கொடி திறக்கவில்லை. பெரியம்மா தெருவில் நின்று சாபம் விட்டபோதும் திறக்கவில்லை. கண்ணாடி தெளிந்தது. தீட்டு கழிந்தது. சித்தப்பா காவடியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அருமைக்காரர் வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கால் நட்டுக்கலாம் கண்ணு" என்றார்.

சென்னியப்பனிடம் இருந்த பொறுமையெல்லாம் தொட்டிக்குள் போய்விட்டிருந்தது. தேங்காய் விழுவதற்கு முன்பே போய் மரத்தடியில் கையை ஏந்திக்கொண்டு நின்றான். பந்தல் போடாத இடத்தில் வந்து பந்தலுக்குள் உட்கார்ந்தான். பொற்கொடிக்கு அது பிடித்திருந்தது. தனக்காக ஒருவன் இப்படித் தவிப்பதைப் பார்க்க எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்!

கல்யாணத்தன்று முகூர்த்தம் வெயில் ஏறிய பிறகுதான். பொற்கொடி தலைக்கு ஊற்றிவிட்டு வெளியே வந்தபோதே சென்னியப்பன் வாசலில் நின்றான். வேட்டி முழங்கால் வரை சேறு. நெஞ்சோடு சேர்த்து ஈரத்துணி மூட்டை ஒன்றை அணைத்துப் பிடித்திருந்தான்.

"என்னதுங்க அது?"

"முகூர்த்தம். ஆனமலை ரோட்டுல மெல்ல வந்துட்டிருந்துச்சு. என்னால பொறுக்க ஆகல, எடுத்துட்டு வந்துட்டேன்."

அருமைக்காரர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்.

"நல்ல முகூர்த்தந்தான். சூடு ஆறறதுக்குள்ள கட்டிருங்க" என்றார்.

பொற்கொடி ஈரத் தலையோடு உட்கார்ந்து கழுத்தை நீட்டினாள்.